குறுக்கே ஒரு லைன்

காளவாசல் சிக்னலில்
பக்கவாட்டில் வந்த ஷேர் ஆட்டோ
இடித்த பிறகுதான் தெரிந்தது.
அதற்கு முந்தின வாரம் ஓர் எருமை.
நேரே இருப்பதெல்லாம் துல்லியம்,
ஓரம்தான் இல்லை.

பெரியாஸ்பத்திரியில்
வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டி
டாக்டர் ஜெசிந்தா பேனாவால் தொட்டார்.
மண்டையின் அடித்தளத்தில்
பார்வை நரம்பு இரண்டும் கூடும் முக்கில்
நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று.
'கேன்சர் மாதிரி இல்ல. ஆனா இடம் சரியில்ல.'
நிலத் தரகர் பேசுவதுபோல் இருந்தது,
சிரித்துவிட்டேன்.

'ரெண்டு வழி இருக்கு ஒச்சப்பன்.
மூக்கு வழியா கேமரா விட்டு
கீழேருந்து குடைஞ்சு எடுக்கிறது ஒண்ணு.
காதுக்கு மேல தோலைக் கிழிச்சு
எலும்பை ஜன்னல் மாதிரி கழட்டி
மூளையைக் கொஞ்சம் ஒதுக்கிப் போறது இன்னொண்ணு.'

எதை வைத்து ஒதுக்குவார்கள் என்று
கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மற்றபடி எனக்கு விளக்கம் எதற்கு?
பத்தொன்பது வருஷமாய் இந்த ஊர் ரோட்டுக்கடியில்
கேபிள் பதிக்கிறவன்.
கடப்பாரைக் காலத்தில் மேலமாசி வீதியை
குறுக்கும் நெடுக்குமாய் வெட்டிப் போட்டு
கடைக்காரர்களிடம் வசவு வாங்கினவன்.
பிறகு மிஷின் வந்தது.
இந்த முனையில் ஒரு குழி, அந்த முனையில் ஒரு குழி,
நடுவில் தாருக்கு ஒரு கீறல் கிடையாது.
மேலே சப்பரம் போகும்,
கீழே என் ராடு போகும்.

அதனால் மூக்கைத்தான் கேட்டேன்.
கேட்டேன் என்ன, நச்சரித்தேன்.

பக்கத்துக் கட்டில் சீனிமுகமது,
மேலூர் ஆட்டு வியாபாரி,
மூக்கு வழியாய் முடித்துக்கொண்டவர்.
முகத்தில் ஒரு கோடு இல்லை.
ஆனால் குனியக் கூடாது, முக்கக் கூடாது,
தும்மல் வந்தால் வாயை ஆவெனத் திறந்து தும்ம வேண்டும்.
தொடைக் கொழுப்பை எடுத்து
உள்ளே ஓட்டையை அடைத்திருக்கிறார்களாம்.
மூக்கில் தண்ணீராய்ச் சொட்டினால் அது சளி இல்லை,
மூளையைச் சுற்றின தண்ணி.
ராத்திரியெல்லாம் தலையணையைத் தடவிப் பார்ப்பார்,
வேர்வையா அதுவா என்று.
'கிடா வாடை தெரியல ஒச்சப்பா.
வாடை தெரியாம எப்படி விலை பேச?'

அவனியாபுரத்தில் ஒருமுறை
என் ராடு குடிதண்ணீர்க் குழாயைக் குத்தியது.
மூன்று நாள் ஒரு தெருவே குடத்தோடு நின்றது.
ரோடு மட்டும் கண்ணாடி மாதிரி கிடந்தது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம்
புதுப் படத்தோடு வந்தார் டாக்டர்.
கட்டி, பெரிய ரத்தக்குழாயைத் தாண்டி
வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது.
'நடுவுல இருந்தா மூக்கு போதும்.
குழாய்க்கு அந்தப் பக்கம் கீழேருந்து கை எட்டாது,
எட்டிப் பார்த்தா...'

'லைன் குறுக்கே போனா
மிஷினை ஓரங்கட்டிட்டு
வெட்டித்தான் ஆகணும் மேடம்.'

தொழில்தான் பேசினேன் என்று நினைத்தேன்.
இருளாயி ஏன் எழுந்து வராண்டாவுக்குப் போனாள்
என்பது பிறகுதான் உறைத்தது.

ஏழு மணி நேரமாம்.
விழித்தபோது வலது கண்
வெந்த இட்லியாய் உப்பி மூடியிருந்தது.
காதிலிருந்து நெற்றி மேடு வரை முப்பத்துநாலு கிளிப்.
இட்லியை மெல்லவே தாடை வலித்தது.
கழட்டின எலும்பைத்
தகடும் திருகும் வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.
பொட்டில் விரல் வைத்தால் ஒரு பள்ளம்.
நாங்கள் மூடிவிட்டுப் போன குழி
முதல் மழைக்கு உள்வாங்குமே, அது.

மூன்றாம் வாரம், கோரிப்பாளையம் ஸ்டாப்பில்
இடது ஓரத்தில் என்னவோ அசைந்தது.
தலையைத் திருப்பவில்லை.
திருப்பாமலே பார்த்தேன்:
ஒரு பையன், கையில் பலூன்.
வலது ஓரம் இன்னும் வரவில்லை.

அன்றைக்கே சீனிமுகமதுக்குப் போன் போட்டேன்.
'வாடை வந்துச்சா?'
'ஏதோ வருது. கிடாயா டீசலான்னு பிடிபடல.
ஒனக்கு?'
'இடது பக்கம் வந்துருச்சு.'
'அப்ப சந்தைக்கு வா,
எனக்கு இடது பக்கமா நில்லு' என்றார்.
எதற்கென்று புரியவில்லை.
சரி என்றேன்.